காட்டின் கண்களைப் படித்தவர்

தமிழ் மாணவர் மலரில் புலவர் வரலாறு வரும். புரவலர் வரலாறு வரும். விடுதலை வீரர் வரலாறும் வரும். துப்பாக்கி தூக்கித் திரிந்த வெள்ளைக்காரர் ஒருவருக்கு இங்கே என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. நானும் வேட்டையை விரும்புபவன் அல்லன். விலங்கியல் படிக்க வந்தவன். கென்னத் ஆண்டர்சன் என்னும் அந்த மனிதரை நான் தேடிப் போகவில்லை. என் பாட்டிதான், அவர் பெயரையே அறியாமல், என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

எனக்கு அப்பொழுது ஒன்பது வயது. எங்கள் வீடு சித்தூரில். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் தெலுங்கு. நம்மில் பலருக்கும் அப்படித்தான். தங்கை பிறந்தபோது நேர்ந்துகொண்ட முடியைச் செலுத்த அலிபிரியிலிருந்து படியேறினோம். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், ஏறக்குறைய 9 கிலோமீட்டர் வழி. நான் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். வழியில் குரங்குக் கூட்டம் ஒன்று, வருவோர் கையிலிருந்து பொரியும் வாழைப்பழமும் பறித்துக் கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரம். திடீரென்று குரங்குகள் பழத்தை மறந்தன. ஒன்று கரகரத்த குரலில் கத்தியது. மற்றவை மரத்தில் தாவி ஏறின. ஏறியவை எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்தன.

பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். தங்கையை அம்மாவின் இடுப்புக்கு ஏற்றச் சொன்னாள். பின்னால் வந்த கூட்டம் எங்களோடு வந்து சேரும் வரை ஒரு படிகூட ஏற விடவில்லை. எனக்கோ கோபம். கால் மணி நேரம் கழித்துக் குரங்குகள் இறங்கி வந்து மறுபடியும் பழம் கேட்டன. அதன் பிறகே நடந்தோம். என்ன இருந்தது, எது போயிற்று என்று யாரும் காணவில்லை. குரங்கெல்லாம் ஒரே திக்கைப் பார்த்தால் மனிதன் நடக்கக் கூடாது என்று மட்டும் பாட்டி சொன்னாள். அவள் ரங்கம்பேட்டைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள். இளமையில் விறகுக்கும் புளிக்கும் காட்டுக்குள் போய் வந்தவள். படித்தது இரண்டாம் வகுப்பு.

கல்லூரி நாளில், பழைய புத்தகக் கடை ஒன்றில், அட்டை கிழிந்த ஆங்கில நூல் ஒன்று கிடைத்தது. 1954-இல் வெளிவந்த ஆண்டர்சனின் முதல் நூல். ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு மதயானையையும் பற்றியது. புரட்டும்போது சாமலா பள்ளத்தாக்கு என்னும் பெயர் கண்ணில் பட்டது. அது நம்முடைய காடு. திருப்பதிக்கு மேற்கே சேஷாசல மலைகளுக்குள் கிடக்கும் பள்ளத்தாக்கு. நாகபட்லா என்றும் புலிபோனு என்றும் ஊர்ப் பெயர்கள் வந்தன. பாட்டி வாயிலிருந்து கேட்ட பெயர்கள்! அவற்றை இங்கிலாந்தில் அச்சான நூலில் கண்டபோது அடைந்த வியப்பைச் சொல்லி முடியாது. அன்றிரவே அந்தக் கதையைப் படித்து முடித்தேன்.

இனி அவர் வரலாறு.

கென்னத் ஆண்டர்சன் 1910 மார்ச் 8-ஆம் நாள் ஹைதராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆறு தலைமுறையாக இந்தியாவில் தங்கிவிட்ட குடும்பம். ஆதலின் அவரை அயலார் என்பதா, நம்மவர் என்பதா என்று எனக்கு இன்றும் ஐயமே. தந்தை டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆண்டர்சன் படைத்துறைக் கணக்கு அலுவலகத்தில் பணி செய்தவர். வேட்டைப் பழக்கம் உள்ளவர். மகனுக்குக் காட்டு ஆசை அங்கிருந்தே வந்தது. பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் பின்னர் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். சட்டம் பயில எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். படிப்பு ஒட்டவில்லை. பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். பனியும் குளிரும் சூழ்ந்த அந்நகரில் அந்த இளைஞர் எதை நினைத்து ஏங்கியிருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

தபால் தந்தித் துறையில் பதினைந்து ஆண்டுகள் போல வேலை பார்த்தார். பிறகு பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டப் பிரிவு மேலாளர். பிளாசம் என்னும் பெண்மணியை மணந்தார். ஜூன் என்று ஒரு மகள், டொனால்டு என்று ஒரு மகன். வாரம் முழுதும் அலுவலகக் காகிதம். சனிக்கிழமை வந்துவிட்டால் பழைய ஸ்டூடிபேக்கர் காரில் மூட்டை கட்டிக்கொண்டு காடு. விடுப்பு எடுத்தாலும் காட்டுக்கே. சேலம் மாவட்டத்து அஞ்செட்டிக் காடுகள், காவிரிக் கரை, மைசூர் நாட்டு ஷிமோகா, நம் சித்தூர் என்று அவர் அலைந்த பரப்பு பெரிது. கன்னடமும் தமிழும் பேசுவார். ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து மாட்டுக்காரனிடம் நேராகப் பேச முடிந்த வெள்ளையர் அக்காலத்தில் எத்தனை பேர்?

1939 முதல் 1966 வரை அவர் சுட்ட ஆட்கொல்லிகள் அரசாங்கக் கணக்கின்படி சிறுத்தை 8, புலி 7 என்பர். இந்தக் கணக்கினால்தான் அவருக்குப் புகழ். எனக்கோ அவருடைய நூல்களில் துப்பாக்கி வெடிக்கும் பக்கத்தைக் காட்டிலும் அதற்கு முந்தைய இருபது பக்கங்களே பிடித்தன. அந்தப் பக்கங்களில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டுக்கொண்டிருப்பார்.

காட்டில் புலியை நேரே காண்பது அரிது. புலியைக் கண்டவர்களைக் காணலாம். இதுவே அவர் கற்ற முதற்பாடம். முசு என்று நம் பழந்தமிழில் பெயர் பெற்ற, கரிய முகமும் நீண்ட வாலும் உடைய குரங்கு இருக்கிறதே, அதைத் தெலுங்கில் கொண்டமுச்சு என்பார்கள். முசுவும் முச்சுவும் உடன்பிறந்த சொற்கள் என்று எண்ணுகிறேன், மொழியாசிரியர்கள் திருத்தட்டும். அந்தக் கூட்டத்தில் மற்றவை தழை தின்னும்போது ஒன்று மர உச்சியில் காவல் இருக்கும் என்று ஆண்டர்சன் பல இடங்களில் எழுதுகிறார். அது இருமல் போல் கத்தினால் கீழே புலியோ சிறுத்தையோ நடக்கிறது. அது கத்தும் மரத்திலிருந்து அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று குரல் நகர்ந்தால், புலி நகரும் திசையும் வேகமும் தெரிந்துவிடும். கடமானின் குரல் ஒருமுறை கேட்டால் ஐயம். விடாமல் கேட்டால் உறுதி. கேழையாடு குரைப்பது வேறு. மயில் அகவுவது வேறு. பரண் மேல் இருட்டில் கட்டை போல் அமர்ந்து, இந்தக் குரல்களைக் கொண்டே காட்டின் வரைபடம் ஒன்றை அவர் மனத்தில் எழுதிக்கொள்வார்.

இந்தக் கலையை அவர் எந்தப் பள்ளியில் கற்றார்? சின்னாற்றுப் பக்கத்துக் காட்டில் பைரா என்னும் பூசாரி ஒருவர் இருந்தார். காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், கோவணமே உடை. பென்னாகரத்தில் ரங்கா என்று இன்னொருவர். அனுமதியின்றி வேட்டையாடிப் பழகியவர். இந்த இருவரையும் தம் நண்பர் என்றும் ஆசான் என்றும் சொல்ல ஆண்டர்சன் கூசவில்லை. எடின்பரோவில் தோற்றவர் பைராவின் பள்ளியில் தேறினார் எனலாம். என் பாட்டியும் அப்பள்ளியைச் சேர்ந்தவளே. சாலைக்கு இந்தப் பக்கம்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. மனிதன் குரங்கை நம்பலாம். குரங்கு எதை நம்புகிறது? அடர்ந்த புதரில் காய்ந்த புல்லின் நிறமும் நிழலின் கோடும் கொண்டு படுத்திருக்கும் ஒன்றை அதன் கண் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கண்டதும் நொடியில் அதன் மூளை எப்படி முடிவு செய்கிறது? ஆண்டர்சன் இதற்கு விடை எழுதவில்லை. அவர் காலத்தில் விடை பெரும்பாலும் இல்லை. ஆனால் அவர் முதல் நூல் வெளிவந்த ஐந்தாம் ஆண்டிலேயே விடையின் ஒரு நுனி அமெரிக்காவில் கிடைத்தது. ஒரு தவளையிடம்!

கண் படம் பிடிக்கும் பெட்டி, பார்ப்பதெல்லாம் மூளை என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். 1959-இல் லெட்வின் என்பவரும் அவருடைய தோழர்களும் தவளையின் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளின் துடிப்பை அளந்தனர். ஒருவகை இழை, சிறிய கரும்புள்ளி ஒன்று அசைந்தால் மட்டும் துடித்தது. அது பூச்சி, உணவு. வேறொரு வகை, ஒளி சட்டென்று மங்கினால் துடித்தது. மேலே நிழல் கவிகிறது, பகை. அதாவது, உணவு எது, பகை எது என்று பிரிக்கும் வேலை விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. மூளைக்குப் போவது படமன்று. பாதி படித்து முடித்த கடிதம் என்று சொல்லலாமா? எவர்ட் என்னும் ஜெர்மானியர் பின்னர் தேரைக்கு முன் அட்டைத் துண்டுகளை நகர்த்திப் பார்த்தார். நீளவாக்கில் ஊர்ந்த துண்டைப் புழு என்று கொத்த வந்தது. அதே துண்டை நிமிர்த்தி நகர்த்தினால் கொத்தவில்லை. பெரிய சதுரம் வந்தால் உடலைத் தாழ்த்தி ஒளிந்தது. ஒரே அட்டை, நிற்கும் விதத்தால் உணவாகவும் ஆகும், ஆகாமலும் போகும்.

1962-இல் குரங்குகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரையில் ஒரு நிழல் விரைவாகப் பெருத்துக்கொண்டே வரும்படி காட்டினர். நம் மேல் எதுவோ பாய்ந்து வருவது போன்ற தோற்றம். குரங்குகள் பின்னால் துள்ளி ஒடுங்கின. குட்டிகளும் அப்படியே. அதே நிழல் பெரிதிலிருந்து சிறிதாகச் சுருங்கினால் அந்த அச்சம் இல்லை. பெருத்து வரும் உருவத்துக்கு அஞ்ச யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். அண்மைக் காலத்தில், 2013-இல், சுண்டெலிக்கு மேலே பெருகும் கரிய வட்டத்தைக் காட்டினார்கள். அது வளைக்குப் பாய்ந்தது. அல்லது அப்படியே உறைந்தது. 2016-இல் இன்னும் நுட்பமாகப் பார்த்தபோது, சிறிய வட்டம் தொலைவில் மெல்லக் கடந்தால் எலி அசையாமல் உறைகிறது என்றும், வட்டம் பெருத்து நெருங்கினால் ஓடுகிறது என்றும் தெரிந்தது. தொலைவில் வட்டமிடும் பருந்துக்கு அசையாமை மருந்து. பாய்ந்துவிட்ட பருந்துக்கு ஓட்டமே மருந்து. ஓட்டத்துக்கு முதல் ஆணை பிறக்கும் இடம் நடுமூளையின் கூரையில் உள்ள ஒரு சிறு மேடு. கண்ணிலிருந்து அதற்கு நேர்வழி உண்டு. இது புலியா, நிழலா, என்ன நிறம் என்றெல்லாம் ஆராயும் பெருமூளைப் பகுதிக்குச் செல்வது வேறு வழி. கயிற்றைப் பாம்பென்று கண்டு நாம் முதலில் துள்ளுகிறோம். பிறகுதான் கயிறென்று சிரிக்கிறோம். நம் முன்னோர் இந்தக் கயிற்றரவைத் தத்துவம் பேச எடுத்துக்கொண்டார்கள். நரம்பியலார் வேறு காரணத்துக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் காட்டுக்கே உரிய சோதனையும் ஒன்று உண்டு. திருமலைப் படிகளில் நாம் காணும் நாட்டுக் குரங்கை வைத்துத் தென்னிந்தியக் காடுகளில் செய்தது. ரிச்சர்டு காஸ் என்பவரும் உமா ராமகிருஷ்ணன் அம்மையாரும் சிறுத்தையின் பொம்மைகளைச் செய்துகொண்டு போய்க் குரங்குகளின் கண்ணில் படும்படி வைத்தனர். ஒன்று புள்ளியுள்ள மஞ்சள் சிறுத்தை, மற்றொன்று கருஞ்சிறுத்தை. முடிவை 2000-இல் வெளியிட்டனர். புள்ளிச் சிறுத்தையைக் கண்டு குரங்குகள் விரைந்து ஓடின. கருஞ்சிறுத்தைக்கு அத்தனை விரைவில்லை. 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உடலின் ஒரு பகுதி மறைந்திருக்கும்போதும் வெளியே தெரியும் புள்ளித் தோலே அவற்றை விழிப்பூட்டியது என்று கண்டார்கள். முழு உருவம் தேவையில்லை. புதருக்கு வெளியே ஒரு முழம் புள்ளித் தோல் போதும்.

நிறத்திலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. மானின் கண்ணுக்குச் செம்மைக்கும் பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. வேங்கையின் பொன்னிறம் அதற்கு இலையின் நிறமாகவே தோன்றும் என்று 2019-இல் கணக்கிட்டுக் காட்டினர். குரங்கின் கண்ணோ நம் கண்ணைப் போன்றது, செம்மையைப் பிரித்தறியும். அதுவும் மரத்தின் மேலிருந்து பார்க்கிறது. மானுக்கு மூக்குக் கூர்மை. இரண்டும் ஒரே இடத்தில் மேய்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. புள்ளிமான் கூட்டம் முசு இருக்கும் மரத்தடியில் நிற்பதன் காரணத்தில் கீழே விழும் தழைக்கும் பங்குண்டு, காவலுக்கும் பங்குண்டு. மேல்மாடத்துக் காவலன் கத்தினால் தரையில் உள்ளவன் காது நிமிர்த்துகிறான். அந்தக் குரலைப் பரணில் இருந்த ஆண்டர்சனும் கேட்டார். ஓர் உயிரின் கண் கண்டது, மூன்று உயிர்களின் காது வழியே போகிறது.

இதைப் படித்த பிறகு சாமலா கதையை மறுபடி எடுத்தேன். காட்டு வேலை செய்து பிழைத்த ஏழைகளை ஒரு புலி கொன்றுவந்த காலம். நாகபட்லா வன விடுதியில் தங்கி ஆண்டர்சன் அதைத் தேடுகிறார். புலிபோனு என்றால் தெலுங்கில் புலிக்கூண்டு. எந்தக் காலத்தில் யார் அங்கே கூண்டு வைத்தார்களோ! ஆண்டர்சன் அங்கே இரவும் பகலும் அலைந்தார். திருப்பதிக்கு வடக்கே ரயில் பாதை ஓரத்து மாமண்டூரில் ஓர் ஆட்கொல்லியைத் தேடிய கதையை 1957-இல் வெளிவந்த இரண்டாம் நூலில் எழுதினார். ஆகவே நம் மாவட்டத்துக்கு அவர் ஒருமுறை வந்து போன விருந்தாளி அல்லர்.

பரணில் அவர் கைக்கொண்ட ஒழுங்கை இப்பொழுது வேறு கண்ணோடு பார்க்கிறேன். புலியின் கண்ணும் மாற்றத்துக்கே விழிப்பது. அசையாத பொருளை எளிதில் விட்டுவிடும். விரல் நகர்ந்தால் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கொசு கடித்தாலும் கையை உயர்த்தக் கூடாது. தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். கால் மரத்தாலும் நீட்டக் கூடாது. பத்து மணி நேரம் அப்படி இருந்ததை அவர் சலிப்போடும் நகைச்சுவையோடும் எழுதுவார். புலிக்கு முகரும் ஆற்றல் மிகக் குறைவு என்று அக்கால வேட்டைக்காரர் பலர் நம்பினர். அது பிழை. தன் எல்லையையே மணத்தால் குறிக்கும் விலங்கு அது. ஆனால் இரை தேடும்போது கண்ணும் காதும் முன்னே நிற்கும் என்ற மட்டில் அவர்கள் கண்டது சரி. துப்பாக்கிக் குழலில் பொருத்திய டார்ச் விளக்கைச் சொடுக்கியதும் இருளில் இரண்டு கனல்கள் எரியும் காட்சி அவருடைய கதைகளில் திரும்பத் திரும்ப வரும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள பளபளப்பான படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் கனல் அது. குறைந்த ஒளியை இருமுறை பயன்படுத்தும் சிக்கனம். நமக்கும் குரங்குக்கும் அந்தப் படலம் இல்லை. பகலில் சிறுத்தையை முதலில் காணும் குரங்கு, இரவில் கண்கெட்டது போலத்தான். காவலன் தூங்கும் நேரம் பார்த்துச் சிறுத்தை வருகிறது. இரவில் ஆண்டர்சன் மிகவும் அஞ்சிய வேளை எதுவென்றால், எந்தக் குரலும் கேட்காத வேளைதான்.

சிறுத்தையைப் பற்றி அவர் எழுதியவற்றில் இன்னொரு குறிப்பு உண்டு. அது பின்புறமாகப் பதுங்கி வருவதையே விரும்பும். பூனை இனம் அனைத்துக்கும் இது பொருந்தும். வங்காளத்துச் சுந்தரவனத்தில் 1986-ஐ ஒட்டி, காட்டுக்குப் போகும் தொழிலாளர் தலையின் பின்பக்கம் மனித முகமூடி அணிந்துகொண்டார்கள். தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகத்தின் மேல் புலி எளிதில் பாயாது என்பது அதன் கருத்து. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் மாடுகளின் பின்புறத்தில் கண் வரைந்து அனுப்பிப் பார்த்தனர். கண் வரைந்த மாடுகளைச் சிங்கம் கொல்லவில்லை என்று 2020-இல் எழுதினர். கண்ணேறு கழிக்கக் கட்டடத்தில் பூசணிக்காயில் முகம் எழுதித் தொங்க விடுகிறோமே, அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்கு ஆசைதான். பேராசிரியர் கோபிப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டர்சனின் கதைகளை அப்படியே நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மிகை இருக்கிறது என்பதே என் எண்ணம். ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் புலி வருவதும், குண்டு சரியாகப் படுவதும் வாழ்க்கையில் நடப்பதில்லை. பேய்க் கதைகளிலும் அவருக்கு மோகம் இருந்தது. ஆனால் குரங்கு கத்துவதைப் பற்றியும் மான் காலைத் தரையில் தட்டுவதைப் பற்றியும் எழுதும்போது அவர் மிகைப்படுத்தவில்லை. அந்த இடங்களில் எழுத்து அடங்கி நடக்கிறது. கதை சொல்ல வந்தவர் அங்கே சாட்சி சொல்லுகிறார்.

குற்றமும் சொல்ல வேண்டும். ஆட்கொல்லி அல்லாத விலங்குகளையும் அவர் இளமையில் சுட்டார். அக்கால வழக்கம் என்று தள்ளிவிடுவது எளிது; நான் தள்ளவில்லை. பிற்காலத்தில் அவரே மாறினார். துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்தார். தென்னாட்டுக் காடுகள் அழிவதையும், விளக்கு வைத்துச் சுடும் கள்ள வேட்டை பெருகுவதையும் வருந்தி எழுதினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது. இரண்டையும் காண இருந்தார். 1974 ஆகஸ்ட் 30-ஆம் நாள் பெங்களூரில் புற்றுநோயால் இறந்தார். காட்டைப் பற்றி அவர் விட்டுச்சென்ற கடைசி நூல் 1976-இல் வெளிவந்தது. மகன் டொனால்டும் தந்தை வழியில் காடு சுற்றியவர், 2014-இல் மறைந்தார். இந்திய நாடு விடுதலை பெற்றபோது அவர்களைப் போன்ற குடும்பங்கள் பல கப்பலேறின. இவர்கள் ஏறவில்லை.

நம் மலைகள் 1989-இல் வெங்கடேசுவரா தேசியப் பூங்காவாயின. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. இப்பொழுது அங்கே பேச்செல்லாம் சிறுத்தையைப் பற்றியே. 2023 ஜூன் மாதம் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது. மக்கள் கூச்சலிட்டுத் துரத்தவே விட்டுவிட்டு ஓடியது, பையன் பிழைத்தான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. இருட்டிய வேளை, பெற்றோருக்குச் சற்று முன்னே போயிருக்கிறாள். அதன் பிறகு கூண்டுகள் வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தனர். ஏறுவோர் கையில் தடி கொடுத்தனர். சிறு பிள்ளைகளைப் பிற்பகலுக்கு மேல் படியேற விடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்தனர்.

அந்தச் செய்தி வந்த காலையில் நான் விடுதியில் இருந்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் எழவில்லை. நானும் ஒருநாள் முன்னே ஓடியவன். என் சட்டையை இழுக்க ஒரு கை இருந்தது. தடி நல்லதே, கூட்டமாக நடப்பதும் நல்லதே. சிறுத்தையின் கண்ணுக்குத் தனித்து, குட்டையாக, விட்டு விட்டு ஓடும் உருவம் எதுவாகத் தோன்றும் என்று மேலே எழுதியவற்றிலிருந்து நீங்களே அறிவீர்கள். அதன் மேல் எனக்குச் சினம் வரவில்லை. அந்தத் தாயை நினைத்தபோது அதன் மேல் இரக்கமும் வரவில்லை. இரண்டுக்கும் இடையே நிற்பது கடினமாகத்தான் இருந்தது. இரவில் குரங்கும் தூங்கிவிடும் என்பது மட்டும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பாட்டி இப்பொழுது இல்லை. சென்ற ஆண்டு தங்கையோடு அதே படிகளில், காலை வேளையில், ஏறினேன். கூட வந்த அத்தை மகனுக்கு ஏழு வயது. அவன் கையை நான் விடவில்லை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. வழியில் குரங்குக் கூட்டம். நான் நின்று அவற்றின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னத்தைப் பார்க்கிறாய் மாமா என்று பையன் கேட்டான். அவை எங்கே பார்க்கின்றன என்று பார்க்கிறேன் என்றேன். அவனும் பார்த்தான். ஒன்று பேன் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு குட்டி தாயின் வாலை இழுத்தது. பெரிய கடுவன் ஒன்று தங்கையின் பையில் இருந்த வாழைப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பழத்தைக் கொடுத்துவிட்டு மேலே நடந்தோம்.